தனித் தட்டு

இதழ் இரண்டு மாதம் தாமதம். தாள் விலை, அச்சுக்கூலி, சந்தா அனுப்பாத தோழர்கள் என்று வழக்கமாகப் பாடுகிற பாட்டை இந்தமுறை பாடப்போவதில்லை. காசு இருந்தது. கவிதை, கட்டுரை எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன. தலையங்கம் மட்டும் வரவில்லை. என்ன எழுதவேண்டும் என்று தெரிந்தபிறகும் எழுதக் கூசியது. அதுதான் காரணம்.

போன ஏப்ரல் 14, சாமல்பட்டியில் எங்கள் காலனியில் அம்பேத்கர் பிறந்தநாள் கூட்டம். மைக் என் கையில். கல்வியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். முன்னால் தரையில் என் அக்கா, அவள் மடியில் அவளுடைய ஒன்பது வயது மகன். அவர்கள் தலைக்கு மேலேயே குழாய் கட்டியிருந்தார்கள். பையன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கத்த ஆரம்பித்தான். நிறுத்தவில்லை. கூட்டமே அந்தப் பக்கம் திரும்பியது. நான் மைக்கிலேயே சொன்னேன்: "அக்கா, பையனைக் கொஞ்சம் வெளிய கூட்டிட்டுப் போ." அவள் எழுந்து போனாள். நான் பேச்சைத் தொடர்ந்தேன். எதைப் பேசிக்கொண்டிருந்தேன் தெரியுமா? சதாரா பள்ளிக்கூடத்தில் சிறுவன் பீமராவ் வீட்டிலிருந்து கொண்டுபோன சாக்கில் தனியாக உட்கார்ந்ததையும், அந்தச் சாக்கைத் தொட்டுப் பெருக்கக்கூட ஆள் வராததையும். கைதட்டல் பலமாக இருந்தது.

அன்று ராத்திரி அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் இந்தத் தலையங்கம் சீக்கிரம் வந்திருக்கும்.

அவன் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதலாமா என்று அவனிடம் கேட்டுப் பதில் வாங்க எனக்கு இன்னும் வழி தெரியவில்லை. அவனுக்கு ஆட்டிசம். ஆறு வயதில்தான் தெரிந்தது. அதற்கு முன்னால் தாயத்து, வேப்பிலை, "ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்" என்று ஃபீஸ் வாங்கிய ஒரு டாக்டர், எல்லாம் முடிந்தது. பிறகு விடியக்காலை பஸ் பிடித்து கிருஷ்ணகிரி, ஓசூர், அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரு நிம்ஹான்ஸ். போகிற ஒவ்வொரு நாளும் மச்சானுக்குக் கிரானைட் பட்டறையில் பாலீஷ் வேலை போச்சு, அக்காவுக்குக் கம்பெனியில் சம்பளம் கட்.

அரசாங்கத் தமிழில் இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு பெயர் உண்டு: 'புற உலகச் சிந்தனையற்றோர்'. அடுத்தவனுக்குப் பெயர் வைக்கிறவன் யார், எந்தத் திண்ணையில் உட்கார்ந்து வைக்கிறான் என்ற கேள்வியை 'ஹரிஜன்' என்ற சொல்லிடமிருந்தே நாம் கற்றுக்கொண்டவர்கள். எனவே கேட்கிறேன். எங்கள் பையனுக்கா புற உலகம் இல்லை? மூன்றாவது தெருவில் மிக்சி போட்டால் அவனுக்குக் காது வலிக்கிறது. சட்டைக் காலரில் இருக்கும் சீட்டு கழுத்தை அறுக்கிறது. புற உலகம் அவனுக்குக் குறைவாக இல்லை, தாங்கமுடியாத அளவுக்கு இருக்கிறது. ஆட்டிசம் நோயல்ல. மூளை வளர்கிற விதமே பிறவியிலிருந்து வேறாக இருப்பது. பேச்சு, பார்வை, பிறரோடு கொடுக்கல் வாங்கல் எல்லாம் வேறுமாதிரி. செய்ததையே திரும்பத் திரும்பச் செய்வது, பழகிய ஒழுங்கு மாறினால் உடைந்துபோவது. ஒருவார்த்தை பேசாதவர்களும் உண்டு, ஓயாமல் பேசுகிறவர்களும் உண்டு. இதற்கு மாத்திரை இல்லை. ஸ்டெம்செல் ஊசி போட்டால் சரியாகும் என்று லட்சக்கணக்கில் பறிக்கிற கூட்டமும் இருக்கிறது. அதை ஆட்டிசத்துக்குப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையமே 2022இல் சொல்லிவிட்டது.

இது பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்கு வருவது என்று நம் தோழர்களே சிலர் என்னிடம் சொன்னார்கள். இந்தப் பொதுப்புத்திக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1943இல் அமெரிக்காவின் பால்டிமோரில் லியோ கானர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். அவர்களுடைய பெற்றோர் பெரும்பாலும் படித்தவர்கள், பதவியில் இருந்தவர்கள். உடனே இது மேல்தட்டுக் குடும்பத்துச் சமாச்சாரம் என்று ஆனது. கூடவே, பாசம் காட்டாத தாயால் வருவது என்ற பழியும் சேர்ந்தது. கானரின் வாசல்வரை போய்ச்சேர அன்றைக்கு யாருக்கு வண்டிச்சத்தம் இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. 1979இல் லோர்னா விங், ஜூடித் கூல்ட் என்ற இரண்டு பெண்கள் லண்டனின் கேம்பர்வெல் பகுதிக் குழந்தைகளை எடுத்து ஆராய்ந்தார்கள். அடுத்த ஆண்டே விங் எழுதினார்: வர்க்கம் ஆட்டிசத்தில் இல்லை, மருத்துவரிடம் வந்துசேர்கிறவர்களின் தேர்வில் இருக்கிறது. தாயின் மீதான பழியும் பொய் என்று ஆகிவிட்டது. பால்டிமோரில் பொய்யாகிவிட்டது, எங்கள் ஊரில் இன்னும் இல்லை. "வயித்துல இருக்கும்போது இவ என்னத்தப் பாத்து பயந்தாளோ" என்கிறார்கள்.

இன்னொரு கணக்கு. அமெரிக்காவின் பிலடெல்பியாவில், ஏழைகளுக்கான அரசு மருத்துவ உதவியில் இருந்த குழந்தைகளை டேவிட் மேண்டல் குழு ஆராய்ந்து 2002இல் வெளியிட்டது. வெள்ளைக் குழந்தைக்கு ஆட்டிசம் என்று கண்டறியப்பட்ட சராசரி வயது 6.3. கறுப்புக் குழந்தைக்கு 7.9. அதே ஏழ்மை, அதே நகரம். இடையில் ஒன்றரை வருசம் எங்கே போனது? 2007இல் அதே ஆய்வாளர்கள் பதிலின் ஒரு பகுதியைச் சொன்னார்கள்: கறுப்புப் பிள்ளைகளுக்கு ஆட்டிசம் என்று எழுதுவதற்குப் பதிலாக நடத்தைக் கோளாறு என்று எழுதப்படுவது கூடுதல்.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு பள்ளிக்கூடத்து வராந்தா ஞாபகம் வந்தது. எந்தப் பள்ளி என்பது இங்கே வேண்டாம். பையன் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை. பக்கத்துத் தெருப் பிள்ளையாக இருந்திருந்தால் 'காது கேக்குதா பாருங்க' என்றிருப்பார்கள். கண்ணைப் பார்க்கவில்லை. அந்தப் பிள்ளையாக இருந்தால் 'கூச்சம்'. எங்கள் பையனுக்கு என்ன சொன்னார்கள்? திமிர். "உங்க தெருப் பசங்க எங்கம்மா அடங்குறாங்க" என்றார்கள் அக்காவிடம். மூன்று வருசம் அவன் சேட்டைக்காரனாகவே இருந்தான். அடி வாங்கினான். அடி ஏன் விழுகிறது என்பது அவனுக்குத் தெரியாது. அடிபட்ட இடத்தைக் காட்டவும் அவனிடம் சொல் இல்லை.

சான்றிதழுக்கான மதிப்பீட்டில் 40 கேள்விகள். கண்ணைப் பார்ப்பதில்லையா, புன்னகைக்குப் புன்னகை இல்லையா, ஒதுங்கியே இருக்கிறானா என்று போகும். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த எனக்குத் தாத்தா நினைப்பு வந்தது. ஆண்டை எதிரில் அவர் ஒருநாளும் கண்ணை உயர்த்தியதில்லை. கூப்பிட்டால் தூர நின்றுதான் பதில். தாத்தாவையும் உட்காரவைத்திருந்தால் நல்ல மார்க் வாங்கியிருப்பார் என்று மனசுக்குள் சிரித்தேன். ஆனால் இது வெறும் சிரிப்புத்தான். தாத்தாவின் கண்ணைத் தாழ்த்தியது சாதி. பையனின் கண் தாழ்வது அவன் மூளையின் இயல்பு. ஒன்றை ஒன்றுக்கு உவமையாக்கிக் கவிதை எழுதிவிடலாம், எழுதிவிட்டுத் தப்பித்தும்விடலாம். இரண்டும் ஒரே உடம்பின்மேல் வந்து விழுந்தால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

என்ன ஆகும் என்று பார்த்தோம். ஒருநாள் இன்டர்வெல்லில் அவன் வெளியே நடந்துவிட்டான். இந்தப் பிள்ளைகள் பலருக்கு அப்படி நடந்துபோகும் வழக்கம் உண்டு. ஊர்த்தெருவில் ஒரு வீடு திறந்திருந்திருக்கிறது. உள்ளே வாஷிங்மெஷின் சுற்றியிருக்கிறது. போய் அதன் எதிரில் உட்கார்ந்துவிட்டான். சுற்றுவதைப் பார்க்க அவனுக்குப் பிடிக்கும், அவ்வளவுதான். நம் பிள்ளைகளுக்கு நாலு வயதுக்குள் எந்தத் தெருவில் செருப்போடு நடக்கலாம், எந்த வாசலில் நிற்கக்கூடாது என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே ஏறிவிடுகிறது. கண்ணாலும் முகக்குறிப்பாலும் ஏறுகிற பாடம் அது. அந்த முகக்குறிப்பைத்தான் அவனால் படிக்க முடியாது. சாதி அவனுக்குள் ஏறவே இல்லை. இதைச் சொல்லி நான் ஒரு கூட்டத்தில் பெருமைப்பட்டேன். அக்கா சொன்னாள்: "பெருமைப்பட்டுக்கோ. அடி வாங்குறது அவன்." யார் என்று கேட்டதற்கு அவன் பதில் சொல்லவில்லையாம். திருட வந்தவன் என்று இரண்டு பேர் சேர்ந்து அடித்தார்கள். அடுத்தநாள் பள்ளியில், "எங்களால பொறுப்பெடுக்க முடியாது, வீட்டுலயே வெச்சுக்குங்க" என்றார்கள்.

இப்போது அவன் வேறொரு பள்ளிக்குப் போகிறான். இரண்டே ஆசிரியர்கள். அங்கே மணி என்பது வேப்பமரத்தில் தொங்குகிற தண்டவாளத் துண்டு. அந்தச் சத்தம் ஓயும்வரை அவன் கேட்டுக்கு வெளியே நிற்பான். ரெட்டமலை சீனிவாசன் தன் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியிருப்பது நினைவுக்கு வருகிறது. கோயம்புத்தூரில் படித்த காலத்தில், மற்ற பிள்ளைகள் சாதி விசாரித்துவிடுவார்கள் என்று அஞ்சித் தள்ளி உட்கார்ந்திருந்து, மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவாராம். டீச்சர் முதலில் ஒன்றும் சொல்லாமல் அவனை நிற்கவிட்டார். பிறகு மணி அடிப்பதற்கு முன்பே அவனை உள்ளே உட்காரவைத்தார். அப்புறம் ஒருநாள் இரும்புக்கம்பியை அவன் கையிலேயே கொடுத்தார். தானே எழுப்புகிற சத்தம் அவனை அவ்வளவாக வதைப்பதில்லை. அவன் அடிக்கும் மணி பக்கத்து வகுப்புக்கே கேட்பதில்லை என்று டீச்சர் சிரிக்கிறார்.

பெரிய சிகிச்சை ஏதும் இல்லை, தோழர்களே. சுவர் ஓரமாக ஒரே இடம், தினமும் அதே இடம். நீளமாகப் பேசாமல் இரண்டு சொல்லில் சொல்வது, சொல்லிவிட்டுப் பத்து எண்ணும்வரை காத்திருப்பது. அடுத்து என்ன என்று படம் காட்டுவது. எங்கள் கிளையில் கூட்ட நாளில் டோக்கன் கொடுப்போம். டோக்கன் கையில் இருந்தால் பெரியவர்கள் சத்தம் போடாமல் உட்கார்ந்திருப்பார்கள், இல்லாவிட்டால் கவுண்டரை முட்டுவார்கள். அதைப் பார்த்துத்தான் அவனுக்கு அட்டை வெட்டினேன். முதல் அட்டையில் எழுத்து, இரண்டாம் அட்டையில் கல். எழுதி முடித்தால் அவன் அப்பா பட்டறையிலிருந்து கொண்டுவந்த பாலீஷ் போட்ட கிரானைட் துண்டைத் தடவலாம். பக்கத்தில் உட்கார ஒரு பிள்ளை, வாரத்துக்கு ஒருவர் மாற்றி மாற்றி. இப்போது அதற்குப் பிள்ளைகளுக்குள் போட்டி.

வீட்டில்தான் கஷ்டம். அவனுக்கு வேண்டியது ஒழுங்கு. அக்காவுக்குக் கிடைத்திருப்பது போச்சம்பள்ளி சிப்காட்டில் வாரம் மாறும் ஷிப்டு. ஒரு வாரம் விடியலில் காணாமல் போகிறாள், ஒரு வாரம் ராத்திரி. அம்மா ஏன் இல்லை என்று கேட்கத் தெரியாத பிள்ளை தலையைச் சுவரில் மோதுகிறான். ஓசூரிலிருந்து போச்சம்பள்ளிவரை நம் பெண்களை வேனில் அள்ளிப்போகிற கம்பெனிகளிடம், இப்படிப்பட்ட பிள்ளையின் தாய்க்கு ஒரே ஷிப்டு கொடு என்று எந்தச் சங்கம் கேட்டிருக்கிறது? நான் செய்ய முடிந்தது, பேங்க் காலண்டரில் கட்டம் கட்டமாக வண்ணம் தீட்டியதுதான். காலை ஷிப்டு மஞ்சள், மதியம் நீலம், நைட்டு கறுப்பு. (வண்ணம் எடுத்தது அவன். கொள்கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) தினமும் அந்தக் கட்டத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பல் துலக்குகிறான்.

இனி, தட்டு. ஒரு மதியம் அந்தப் பள்ளிக்குப் போனேன். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். இவன் மட்டும் தூண் மறைவில், தனித் தட்டில், வெறும் சோறு. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. தனித் தட்டு, தனிக் குவளை, தனி வரிசை என்றால் நமக்கு என்ன என்று சொல்லவேண்டுமா? 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் நம் பெண் சமைத்த சத்துணவைப் பிள்ளைகள் சாப்பிடக்கூடாதென்று ஊரே கூடிய நாடு இது. சண்டைக்குப் போனேன். சத்துணவு அக்கா கரண்டியோடு வெளியே வந்தார். நம் ஆள்தான்.

"கலந்த சோறு வாய்ல பட்டா வாந்தி எடுக்கறான் சார். கலக்கறதுக்கு முன்ன ஒரு கரண்டி எடுத்து வெக்கறேன். இங்கத்த தட்டு சத்தம் அவனுக்கு ஆவல, அதான் ஊட்டுத் தட்டு. அவனுக்குத் தோணுச்சுன்னா அவனே வந்து வரிசைல குந்துவான். போன வாரம் ரெண்டு நாளு குந்துனான். நான் ஒண்ணும் கூப்புடல."

நான் பட்டதாரி. பதினைந்து வருசமாக இயக்கத்தில் இருக்கிறேன். தீண்டாமையின் தனித் தட்டுக்கும் இந்தத் தனித் தட்டுக்கும் என்ன வித்தியாசம் என்பதை அந்த அக்காதான் எனக்குச் சொன்னார். ஒன்றில் வரிசை மூடியிருக்கிறது. இன்னொன்றில் வரிசையில் அவனுக்கு இடம் விட்டிருக்கிறது, வருவதும் வராததும் அவன் பாடு. சதாரா சாக்கை பீமராவ் கேட்கவில்லை. ஆகவே 'எல்லோருக்கும் ஒரே மாதிரி' என்று நாம் எழுப்பும் முழக்கத்தை இந்த ஒரு இடத்தில் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டியிருக்கிறது. ஒரே மாதிரி என்று சொல்லிக் கலந்த சோற்றை அவன் வாயில் திணிப்பது சமத்துவமல்ல. வேறு மாதிரி என்று சொல்லி அவனை வீட்டில் பூட்டுவது, சாதி இந்து நமக்குச் செய்ததைத் திருப்பிச் செய்வது. பல பள்ளிகள் இரண்டாவதைத்தான் செய்கின்றன. 'சிறப்புப் பள்ளிக்குப் போங்க' என்று மரியாதையாகச் சொல்கின்றன. அந்தச் சிறப்புப் பள்ளி எந்த ஊரில், எந்த பஸ்ஸில், எந்தக் கூலியை விட்டுவிட்டு?

சட்டம் இருக்கிறது. 1995 சட்டத்தில் ஆட்டிசம் என்ற சொல்லே கிடையாது. 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் வந்தது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 வகைகளில் ஒன்றாக ஏற்றது. சான்றிதழில் 40 சதவீதம் இருந்தால் 6 முதல் 18 வயதுவரை அருகமைப் பள்ளியில் இலவசக் கல்வி உரிமை. பொதுவிடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் 92ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் ஐந்து வருசம்வரை சிறை. 2021 அக்டோபரில் உச்சநீதிமன்றம் ரஜ்னீஷ்குமார் பாண்டே வழக்கில், தொடக்கப்பள்ளியில் 10 பிள்ளைக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்குமேல் 15 பிள்ளைக்கு ஒருவர் என்றது. நம்மூரில் சிறப்பாசிரியர்கள் தொகுப்பூதியத்தில் பள்ளி பள்ளியாக அலைகிறார்கள். அவர்களுக்குப் படியளக்கும் சமக்ர சிக்ஷா நிதியில் தமிழ்நாட்டுக்குரிய 2,152 கோடி ரூபாயை 2024-25இல் ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது. தேசியக் கல்விக் கொள்கைச் சண்டையில் அடிபட்டது யார் என்று நாம் பட்டியல் போட்டபோது இந்தப் பிள்ளைகள் அந்தப் பட்டியலில் இல்லை. நான்தான் அதைத் தட்டச்சு செய்தேன்.

இரண்டு ஒடுக்குமுறையும் சேர்ந்து விழும்போது நீதிமன்றம் என்ன செய்கிறது? 2021 ஏப்ரலில் பட்டான் ஜமால் வலி வழக்கு. பார்வையற்ற தலித் பெண்ணின் மீதான பாலியல் வன்முறை. சாதி, பால், உடல் மூன்றும் பின்னிக்கிடக்கின்றன, பிரித்துப் பார்க்கக்கூடாது என்று உச்சநீதிமன்றம் பக்கம் பக்கமாக எழுதியது. எழுதிவிட்டு, சாதியின் காரணமாகத்தான் என்பதற்குச் சாட்சியம் போதவில்லை என்று வன்கொடுமைச் சட்டத் தண்டனையை மட்டும் பிரித்தெடுத்து நீக்கியது. வாஷிங்மெஷின் வீட்டு வழக்கைப் பதிய நாங்கள் போகாததற்கு அக்காவின் பயம் ஒரு காரணம். சாட்சி சொல்லப்போகிறவன் யார் என்பது இன்னொரு காரணம்.

இப்போது நம் பக்கம். இந்த இதழில் நான் எழுதிய கவிதைகளைத் திரும்பப் புரட்டினேன். 'ஊமைச் சனம்' மூன்று இடத்தில். 'செவிட்டு அரசு' இரண்டு. 'மூளை வளராத தேசம்' ஒன்று, அதற்குப் பாராட்டுக் கடிதம் வேறு வந்தது. பாபாசாகேப் 1920இல் தொடங்கிய பத்திரிகையின் பெயரே 'மூக்நாயக்', ஊமைகளின் நாயகன். பேச்சுரிமை பறிக்கப்பட்டவர்களை அவர் அப்படிச் சொன்னார். நூறு வருசமாக நாம் அதை உவமையாகவே வைத்துக்கொண்டோம். உவமையாக இல்லாத ஒரு பிள்ளை கூட்டத்துக்கு வந்தபோது மைக்கில் வெளியே போகச் சொன்னோம். சொன்னோம் என்ன, சொன்னேன்.

மாணவத் தோழர்களிடம் கேட்பது இதுதான். உங்கள் காலனியில் பேசாத, ஓடிப்போகிற, கத்துகிற பிள்ளை நிச்சயம் ஒன்றாவது இருக்கும். இந்தியாவில் ஐந்து இடங்களில் நடத்தி 2018இல் வெளியான ஆய்வு, 2 முதல் 9 வயதுவரை நூற்றுக்கு ஏறத்தாழ ஒரு பிள்ளைக்கு ஆட்டிசம் என்கிறது. அந்த வீட்டுக்குப் போங்கள். அறிவுரை சொல்லவேண்டாம், அதைச் சொல்ல ஊரே இருக்கிறது. மாவட்ட ஆபீசுக்கு அந்தத் தாயோடு ஒருநாள் கூடப் போங்கள், படிவத்தை நிரப்புங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் என்று சட்டம் சொல்கிறது. இந்தத் தாய்களில் ஒருவரை அதில் உட்காரவையுங்கள். நாம் நடத்தும் இரவுப் பாடசாலையில் அவனுக்கு ஒரு சுவர் ஓரம் ஒதுக்குங்கள். சாமல்பட்டியில் ஒதுக்கியாயிற்று. முதல் நாள் டியூப்லைட் இரைச்சல் தாங்காமல் ஓடிவிட்டான். பட்டனைத் திருகி குண்டு பல்பு போட்டோம். மூன்று பிள்ளைகள் வெளிச்சம் பத்தவில்லை என்று சண்டை போடுகிறார்கள். அந்தச் சண்டை இன்னும் தீரவில்லை.

வருகிற ஏப்ரல் 14 கூட்டத்தில் குழாய் கட்டப்போவதில்லை. காலனி மைதானத்துக்கு வாய்க்குரலே போதும், போதாவிட்டால் கிட்டே வந்து உட்காருங்கள். தப்பு மட்டும் உண்டு, அதை விடமுடியாது என்று இளைஞர்கள் சொல்லிவிட்டார்கள். எப்போது அடிப்போம் என்று முன்கூட்டியே படம் வரைந்து அவனிடம் காட்டுவதாக ஒப்பந்தம். அக்காவை அழைத்திருக்கிறேன். வருகிறேன் என்று சொல்லவில்லை. "அந்த வாரம் என்ன ஷிப்டுன்னு பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள்.